யூடியூப் பணம் வங்கிக்கு வந்து சேரும் வரை: பெயர், முகவரி, வரி, ஸ்பான்சர் - முழுமையான வழிகாட்டி

சேனல் வளர்ந்துவிட்டது. சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் வருமானமும் காட்டுகிறது. ஆனால் கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நிலையில்தான் வருகிறார்கள்.

திண்டுக்கல் பக்கம் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்வதைக் காட்டும் சிறிய சேனல் ஒன்றை நடத்துகிறேன். என் சேனலுக்கு இந்த வேலைகளை முடித்த பிறகு, உறவிலும் ஊரிலும் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன். சமையல் வீடியோ போடும் அக்கா, நாட்டுக்கோழி வளர்க்கும் தம்பி, பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்தும் ஆசிரியர் என்று பல விதமானவர்கள். யாருக்கும் வீடியோ எடுப்பதில் குறையில்லை. எல்லோரும் சிக்கியது பெயரில், முகவரியில், செய்த வரிசையில்.

அதனால் இந்த வழிகாட்டியில் கேமரா, தம்ப்நெயில், தலைப்பு வைப்பது எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்து பணம் வங்கியில் ஏறும் நாள் வரை என்ன செய்ய வேண்டும், எதை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பது மட்டும்.

1. முதலில் பெயரை ஒன்றாக்குங்கள்

சப்ஸ்கிரைபர் ஐம்பது பேர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. பணம் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணமும் இதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலை எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் மு. செல்வி என்பவர் பான் அட்டையில் செல்வி முருகன் ஆகிவிடுகிறார். வங்கிப் பாஸ்புக்கில் அவர் எம் செல்வி. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து சேர்ந்து கே செல்வி. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் கணினிக்குத் தெரியாது.

கூகுள் உங்கள் பெயரைக் குறைந்தது மூன்று இடத்தில் பார்க்கும்: ஆட்சென்ஸ் (யூடியூப் பணத்தை நமக்கு அனுப்பும் கூகுள் கணக்கு) பணப் பதிவில், வரிப் படிவத்தில், அடையாள அட்டை கேட்டால் அதில். நான்காவதாக உங்கள் வங்கி பார்க்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் பொருந்தவில்லை என்றால், வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

எந்தப் பெயரை வைத்துக்கொள்வது? பான் அட்டையில் இருப்பதை. வரிப் படிவத்துக்கு அந்த எண்தான் போகப்போகிறது, அதை மாற்றுவதைவிட மற்றவற்றை அதற்கு மாற்றுவது எளிது. பான் நகலையும் ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், கணக்கில் பெயரை பான்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கிளையில் இழுத்தடித்தால் பான் பெயரிலேயே புதிய சேமிப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இந்த வருமானம் தனிக் கணக்கில் வந்தால் வருட முடிவில் கணக்குப் பார்ப்பதும் சுலபம்.

அதோடு பான் ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். இணையாத பான் செயலற்றதாகிவிடும். அது தெரியாமல் எல்லாவற்றையும் நிரப்பிய ஒருவருக்கு மூன்று மாதம் வீணாகப் போனது.

2. கணக்கு யார் பெயரில், சாவி யார் கையில்

சேனலுக்கென்று தனி ஜிமெயில் தொடங்குங்கள். பணம் யாருக்கு வர வேண்டுமோ அவர்தான் அதைத் தொடங்க வேண்டும். தம்பி மகன் விளையாட்டாகத் தன் மெயிலில் ஆரம்பித்துக் கொடுத்த சேனல், பிறகு அவன் வேலைக்கு வெளியூர் போனதும் எப்படித் திண்டாடும் என்பதைப் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல் மறந்த மெயிலில் பழைய போன் எண் இருந்தால் மீட்பது பெரும்பாடு.

எடிட்டருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ஸ்டுடியோவின் அமைப்புகளில் அனுமதிகள் என்ற பகுதி உண்டு. அங்கே எடிட்டரின் சொந்த மெயிலைச் சேர்த்து, வீடியோவை ஏற்றவும் திருத்தவும் உரிமை தரலாம், வருமானம் தெரியாதபடியும் வைக்கலாம். ஆள் விலகினால் ஒரே நிமிடத்தில் நீக்கிவிடலாம்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு முறையும் உறுதிசெய்யக் கேட்பது) இன்றே போட்டுவிடுங்கள். அது இல்லாமல், வருமானம் பெறுவதற்கான யூடியூபின் பணத் திட்டத்தில் சேரவே முடியாது. ஸ்பான்சர் என்ற பெயரில் வரும் மெயிலில் உள்ள கோப்பைத் திறந்து சேனலையே பறிகொடுப்பவர்கள் உண்டு, பாதுகாப்புக்கும் அது தேவை.

உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் ஆட்சென்ஸ் கணக்கு அப்பா அல்லது அம்மா பெயரில் இருக்க வேண்டும். அப்போது முதல் பகுதியில் சொன்ன பெயர் வேலை எல்லாம் அவர் பெயருக்குச் செய்ய வேண்டும்.

3. எந்த நேரம் கணக்கில் சேரும், எது சேராது

பணத் திட்டத்தில் சேர இரண்டு படிகள் இருக்கின்றன. 500 சப்ஸ்கிரைபர், கடைசி 90 நாளில் 3 பொது வீடியோ, அதோடு 12 மாதத்தில் 3,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வை: இது முதல் படி. இதில் உறுப்பினர் கட்டணம், சூப்பர் தேங்க்ஸ் போல ரசிகர்கள் நேரடியாகத் தரும் பணம் மட்டும் திறக்கும். விளம்பரப் பங்கு வேண்டும் என்றால் 1,000 சப்ஸ்கிரைபரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரமும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதில் 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை இருந்தாலும் போதும்.

ஏமாற்றம் வருவது மணி நேரக் கணக்கில். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணியில் சேராது. பிரைவேட் ஆக்கிய, அன்லிஸ்டட் செய்த (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கக்கூடிய), நீக்கிய வீடியோக்களின் நேரமும் சேராது. காசு கட்டி விளம்பரமாக ஓட்டிய பார்வையும் சேராது. 3,800 மணி வந்த மகிழ்ச்சியில் சேனலை அழகாக்குகிறேன் என்று பழைய வீடியோக்களை நீக்கி 3,100க்கு இறங்கியவர் ஒருவர். நீக்க வேண்டிய வீடியோ இருந்தால் ஆரம்பத்திலேயே நீக்குங்கள், வாசலில் நின்றுகொண்டு அல்ல.

வாட்ஸ்அப் குழுவில் நான் உன் சேனலைப் பார்க்கிறேன், நீ என் சேனலைப் பார் என்று பண்டமாற்று செய்யாதீர்கள். அப்படி வந்த எண்ணிக்கையை யூடியூப் கழித்துவிடும். அதைவிடப் பெரிய கெடுதல், மோட்டாரில் ஆர்வமே இல்லாத ஆயிரம் பேர் உங்கள் சேனலில் இருந்தால், புதிய வீடியோ வரும்போது அவர்கள் திறக்க மாட்டார்கள். அந்த வீடியோ அங்கேயே படுத்துவிடும்.

4. விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள்

எண்ணிக்கை வந்ததும் அன்றே பொத்தானை அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சேனலை யூடியூபின் ஆள் ஒருவர் பார்ப்பார். அவரால் எல்லா வீடியோவையும் பார்க்க முடியாது. சேனலின் மையப் பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு கொண்டவை, தலைப்பும் விளக்கமும், சேனல் அறிமுகம் ஆகியவற்றைத்தான் பார்ப்பார். ஆகவே நீங்களும் அதே வரிசையில் உங்கள் சேனலைப் பாருங்கள்.

உங்கள் சேனலில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ எது? பல ஊர்ச் சேனல்களில் அது கோயில் திருவிழாவாகவோ, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மழை வெள்ளக் காட்சியாகவோ இருக்கும். அந்த ஒரே வீடியோ பாதிப் பார்வை நேரத்தைக் கொண்டு வந்திருந்தால், சேனலே பிறருடைய பொருளில் ஓடுகிறது என்று நிராகரிக்கப்படலாம். அதை எடுத்தால் மணிநேரம் குறையும். குறைந்தாலும் எடுத்துவிட்டு, மறுபடி சேர்த்துக்கொண்டு போவதே நல்லது.

பதிப்புரிமை வேறு, மறுபயன்பாடு வேறு. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். பாட்டு நிறுவனம் உரிமை கோரவில்லை, ஸ்டிரைக் (யூடியூபின் விதிமீறல் எச்சரிக்கை) வரவில்லை என்பதால் சேனல் சுத்தம் என்று அர்த்தமில்லை. உரிமையாளர் அனுமதி கொடுத்திருந்தாலும்கூட, உங்கள் பங்கு எதுவும் இல்லாமல் பிறர் வீடியோவை அப்படியே போட்டால் மறுபயன்பாடு என்று தள்ளுவார்கள். உங்கள் குரல், உங்கள் முகம், உங்கள் கை, உங்கள் விளக்கம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2025 ஜூலை 15 முதல் இந்த விதியின் ஒரு பகுதிக்குப் பெயர் மாறியிருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்க்கும் வீடியோக்களை இப்போது அசல்தன்மை இல்லாத உள்ளடக்கம் (inauthentic content) என்ற தலைப்பில் வைத்திருக்கிறார்கள். இயந்திரக் குரலில் பழமொழி, ராசிபலன், செய்தி என்று ஒரே அச்சில் நாளுக்கு ஐந்து வீடியோ தள்ளும் சேனல்கள் இதில்தான் மாட்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியைத் தொட்டாலே ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. வீடியோவுக்கு வீடியோ வித்தியாசமும் உங்கள் உழைப்பும் தெரிய வேண்டும்.

சேனல் அறிமுகத்தில் மூன்று வரி எழுதுங்கள்: யார் நீங்கள், எங்கே எடுக்கிறீர்கள், யாருக்காக. காலியாக விடாதீர்கள். பார்க்க வருகிறவருக்கு நீங்கள் நிஜமான ஆள் என்று காட்டக்கூடிய சில இடங்களில் அது ஒன்று.

நிராகரித்தால் கலங்க வேண்டாம். முடிவு தவறு என்று நினைத்தால் 21 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இல்லையென்றால் முதல் தடவையானால் 30 நாள், அடுத்தடுத்த தடவையானால் 90 நாள் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஒன்றுமே மாற்றாமல் 30வது நாள் மறுபடி அழுத்தினால் அடுத்த காத்திருப்பு 90 நாள் ஆகிவிடும். இதனால்தான் முன்கூட்டியே ஒரு வாரம் என்கிறேன்.

5. ஆட்சென்ஸ்: ஒருவருக்கு ஒன்று

விண்ணப்பத்தில் மூன்று கட்டம். ஒப்பந்தத்தை ஏற்பது, ஆட்சென்ஸை இணைப்பது, பரிசீலனை. இரண்டாவது கட்டத்தில்தான் ஆள் விழுகிறார்.

பத்து வருடம் முன்பு பிளாக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்தில் எழுதிய காலத்தில் ஆட்சென்ஸ் தொடங்கி மறந்துபோனவர்கள் நிறைய. அதே பெயரில் இன்னொன்று தொடங்கினால், ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று புதியதை நிராகரிப்பார்கள். பழைய மெயில்களில் ஆட்சென்ஸ் என்று தேடிப் பாருங்கள். பழையது உயிரோடு இருந்தால் அதையே இணைக்கலாம். வேண்டாம் என்றால் முதலில் அதை மூடிவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். ஒரே கணக்கில் பல சேனல்களை இணைக்கலாம், ஆகவே இரண்டாவது சேனலுக்கு இரண்டாவது ஆட்சென்ஸ் தேவையில்லை.

தொடங்கும்போது நாடு, கணக்கு வகை என்ற இரண்டையும் நிதானித்துத் தேர்ந்தெடுங்கள். தனிநபரா நிறுவனமா என்பதைப் பிறகு மாற்ற முடியாது, நாட்டையும் மாற்ற முடியாது. பதிவு செய்த நிறுவனம் உங்களிடம் இல்லை என்றால் தனிநபர்தான். கடைப் பெயரைப் போட ஆசைப்பட்டு நிறுவனம் என்று அழுத்தினால் பிறகு கணக்கையே மூடித் திரும்பத் தொடங்க வேண்டிவரும்.

முகவரியையும் இங்கேயே சரியாக எழுதுங்கள். ஏன் என்று எட்டாவது பகுதியில் தெரியும்.

6. அனுமதி வந்த பிறகு

அனுமதி வந்ததாலேயே விளம்பரம் ஓடாது. வீடியோப் பக்க விளம்பரம், ஷார்ட்ஸ் விளம்பரம், ரசிகர் கட்டணம் என்று தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் ஏற்க வேண்டும். பழைய வீடியோக்களுக்கு விளம்பரம் போட்டாயிற்றா என்றும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

8 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். அதற்காக ஐந்து நிமிட விஷயத்தை எட்டாக இழுக்காதீர்கள், பார்ப்பவர் போய்விடுவார். இடம் வைக்கும்போது பேச்சு முடியும் இடத்தில் வையுங்கள். நான் மோட்டாரைக் கழற்றி முடித்து, சுருளைக் காட்டுவதற்கு முன்னால் உள்ள இடைவெளியில் வைப்பேன்.

உங்கள் வீடியோ விளம்பரத்தை நீங்களோ வீட்டில் இருப்பவர்களோ அழுத்தவே கூடாது. உதவி என்று நினைத்துச் செய்வார்கள். கணக்கு முடக்கப்பட்டால் அதை மீட்பது மிகக் கடினம். வீட்டில் எல்லோருக்கும் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

7. அமெரிக்க வரிப் படிவம், இந்தியாவில் இருந்தாலும் கட்டாயம்

நான் அமெரிக்கா போனதே இல்லையே என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் போகவில்லை, உங்கள் வீடியோவை அங்கே இருப்பவர் பார்க்கிறார். அந்தப் பார்வையில் வரும் வருமானத்துக்கு 2021 ஜூனிலிருந்து அமெரிக்க வரி பிடிக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 200 டாலர் வருகிறது, அதில் 20 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வையுங்கள். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதும் வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம்: 48 டாலர். படிவம் கொடுத்து, இந்தியா - அமெரிக்கா வரி உடன்பாட்டுச் சலுகையைக் கேட்காவிட்டால் அந்த 20 டாலரில் 30 சதவீதம்: 6 டாலர். சலுகையும் கேட்டால் 15 சதவீதம்: 3 டாலர். இருபது நிமிட வேலைதான்.

ஆட்சென்ஸில் பணப் பகுதிக்குப் போய் வரி விவரத்தைச் சேர்க்கவும். தனிநபர் என்பதையும், அமெரிக்கக் குடிமகன் அல்ல என்பதையும் தேர்ந்தெடுத்தால் டபிள்யூ-8பென் என்ற படிவம் திறக்கும். வெளிநாட்டு வரி எண் என்ற கட்டத்தில் பான் எண்ணை எழுதுங்கள். ஆதார் எண்ணை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வரி எண் அல்ல. உடன்பாட்டுச் சலுகை வேண்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லி, இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி, பிற பதிப்புரிமை என்ற இரண்டு வகைக்கும் பட்டியலில் வரும் 12வது பிரிவையும் 15 சதவீதத்தையும் குறியுங்கள்.

கடைசியில் கையெழுத்துக்குப் பதில் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லும். மேலே எழுதிய பெயரும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பகுதியில் பெயரை ஒன்றாக்கியவர்களுக்கு இங்கே எந்தத் தடையும் இருக்காது. இதே இடத்தில் சிங்கப்பூர் வரி விவரம் என்றும் ஒரு பகுதி தெரியலாம், அங்கே உங்களுக்கு நிறுவனம் ஏதும் இல்லை என்றால் இல்லை என்று குறித்து முடித்துவிடுங்கள்.

8. பத்து டாலரில் வரும் கடிதம்

வருமானம் 10 டாலரைத் தொட்டதும் கூகுள் உங்கள் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பும். உள்ளே பின் (PIN) என்ற ரகசிய எண் இருக்கும். அதை ஆட்சென்ஸில் போட்டால்தான் முகவரி உறுதியாகும், அதன் பிறகுதான் பணம் நகரும். பின் எண் உருவான நாளிலிருந்து 4 மாதம் அவகாசம்.

அது பதிவுத் தபால் அல்ல, சாதாரணத் தபால். கையெழுத்து வாங்கித் தர மாட்டார்கள், யாரும் இல்லை என்றால் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்கள். ஆகவே முகவரியைக் கூகுளுக்காக எழுதாதீர்கள், உங்கள் தெரு போஸ்ட்மேனுக்காக எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். கிராமம் என்றால் வீட்டுக்காரர் பெயர், தெரு, அஞ்சலகம் இருக்கும் ஊர், வட்டம், மாவட்டம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. சேனல் பெயரை முகவரியில் எழுதினால் போஸ்ட்மேனுக்கு ஆள் தெரியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், நான்கு மாதத்தில் மாறப்போவதில்லை என்று உறுதியாக இருக்கும் முகவரியைக் கொடுங்கள். அம்மா வீடாக இருந்தாலும் பரவாயில்லை.

அஞ்சலகத்துக்கு நேரில் போய், இப்படி ஒரு கடிதம் வெளியூரிலிருந்து வரும் அண்ணே, வந்தால் போன் பண்ணுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் சொல்லிச் செய்தவர்களுக்கெல்லாம் கடிதம் கிடைத்தது. மூன்று வாரம் ஆகியும் வராவிட்டால் இன்னொரு பின் எண் கேட்கலாம். முகவரியில் தவறு என்று தெரிந்தால் முதலில் முகவரியைத் திருத்திவிட்டுப் பிறகு கேளுங்கள். தவறான முகவரிக்கே இரண்டாவதையும் மூன்றாவதையும் வரவழைப்பவர்கள் அதிகம்.

கடிதம் வராமல் பொறுமையிழந்து ஊகித்து எண் போட வேண்டாம். மூன்று முறை தவறினால் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும். பல முறை கேட்டும் வரவில்லை என்றால் அடையாள அட்டையைப் பதிவேற்றி உறுதிசெய்யும் வழி திறக்கும், அங்கேயும் பெயர்தான் முக்கியம்.

9. வங்கிக்குப் போவதற்கு முன் கேட்க வேண்டியவை

பணம் அனுப்ப 100 டாலர் சேர வேண்டும். அது சேரும் முன்பே வங்கி விவரத்தைத் தயார் செய்யுங்கள். கூகுள் கேட்பது கணக்கில் உள்ளபடி உங்கள் பெயர், வங்கியின் பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் குறியீடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு).

சிறிய ஊர்க் கிளைக்குப் பெரும்பாலும் சொந்த ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. கிளையில் இல்லை என்று சொன்னதும் பலர் கணக்கையே மாற்றிவிடுகிறார்கள். தேவையில்லை. அந்த வங்கியின் அந்நியச் செலாவணி வேலையைப் பார்க்கும் பெரிய கிளையின் குறியீட்டைக் கொடுத்தால் போதும், பணம் அங்கே இறங்கி உங்கள் கணக்கு எண்ணுக்கு வரும். எந்தக் கிளை என்பதை உங்கள் கிளை மேலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்த குறியீட்டை நம்பிப் போட்டு, பணம் திரும்பிப் போய் இரண்டு மாதம் அலைந்தவர் எனக்குத் தெரிந்தவர்.

முதல் தடவை பணம் வரும்போது எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். மெயிலிலோ போனிலோ வரும், பார்க்காமல் விட்டால் பணம் அங்கேயே கிடக்கும். விளம்பரச் சேவைக்கான வருமானம், நோக்கக் குறியீடு பி1007 என்று சொல்லுங்கள். யூடியூப் என்றால் என்ன என்று கேட்கும் ஊழியரிடம் பொறுமையாக ஆட்சென்ஸ் பண ரசீதைக் காட்டுங்கள். அந்நிய வரவுக்கான சான்றையும் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். டாலரை ரூபாயாக்கும்போது வங்கி வைக்கும் விலையும் கட்டணமும் வங்கிக்கு வங்கி மாறும்.

இனி நாள்காட்டி. ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 7 முதல் 12ஆம் தேதிக்குள் முடிவாகும். 20ஆம் தேதிக்குள் எல்லா விவரமும் சரியாக இருந்தால் 21 முதல் 26க்குள் அனுப்புவார்கள். 20க்குப் பிறகு வங்கி விவரம் சேர்த்தால் அந்த மாதம் போய்விட்டது, அடுத்த மாதம்தான்.

10. எண்களைப் படிக்கும் விதம்

நீளமான வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம். ஷார்ட்ஸில் 45 சதவீதம், அதுவும் எல்லா ஷார்ட்ஸ் விளம்பரப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இசைக்கான பங்கைக் கழித்துப் பிரித்த பிறகு. அதனால் ஷார்ட்ஸில் பத்து லட்சம் பார்வை வந்தது, பணம் எங்கே என்று கேட்காதீர்கள். ஷார்ட்ஸ் ஆளைக் கூட்டி வரும், வீட்டுச் செலவுக்கு நீளமான வீடியோதான்.

ஆயிரம் பார்வைக்கு உங்கள் கைக்கு வருவது ஆர்பிஎம். விளம்பரதாரர் ஆயிரம் விளம்பரத்துக்குக் கொடுப்பது சிபிஎம். பார்க்க வேண்டியது முதலாவதை. அது பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து மாறும், பொருளைப் பொறுத்தும் மாறும். சிங்கப்பூரிலும் கனடாவிலும் வளைகுடாவிலும் நம் ஆட்கள் பார்க்கும் சமையல் வீடியோவின் ஆர்பிஎம், உள்ளூரில் மட்டும் ஓடும் வீடியோவைவிட உயர்ந்து நிற்பதை அக்காவின் சேனலில் கண்ணால் பார்த்தேன். தீபாவளி வரை ஏறும், ஜனவரியில் இறங்கும். ஜனவரியில் இறங்கியதைப் பார்த்துச் சேனல் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

11. ஸ்பான்சர் வந்தால் எழுத்தில் பேசுங்கள்

விளம்பரப் பங்கு சிறிய சேனலுக்குக் கரண்டுச் செலவைத் தாண்ட நாளாகும். உள்ளூர் ஜவுளிக்கடை, பம்பு கம்பெனி, விதைக்கடை நேரடியாகக் கொடுப்பதுதான் பல சேனல்களைத் தாங்கி நிற்கிறது. இங்கேதான் பணத்தையும் நல்ல பெயரையும் சேர்த்து இழக்கிற ஆபத்து இருக்கிறது.

போனில் பேசினாலும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: எத்தனை வீடியோ, எத்தனை வினாடி, எந்தத் தேதி, எத்தனை தடவை திருத்தம், எவ்வளவு பணம், எப்போது. பாதிப் பணம் முன்னால். வீடியோ ஏறிய பிறகு தருகிறேன் என்பவரிடம் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. ஏழு மாதம் நடந்தேன், கடைசித் தவணை வரவே இல்லை.

பணம் வாங்கினாலும் பொருள் வாங்கினாலும் பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும். யூடியூபில் வீடியோ ஏற்றும்போது கட்டண விளம்பரம் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அது மட்டும் போதாது. இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 விதிப்படி, 2 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க விளம்பரம் என்ற எழுத்து திரையில் இருக்க வேண்டும். விளக்கப் பெட்டியின் அடியில் ஒளித்து வைப்பது கணக்கில் வராது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம்.

சூதாட்டச் செயலிகள் சிறிய சேனலைத் தேடிப்பிடித்து வரும். மற்றவர்கள் தருவதைவிடப் பல மடங்கு பேசுவார்கள். தொடாதீர்கள். பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டை விளம்பரம் செய்வது 2025இல் வந்த மத்தியச் சட்டப்படி சிறைவரை போகும் குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் வீடியோவைப் பார்த்து நம்பும் பையன் அதில் வீட்டுப் பணத்தை விட்டான் என்றால் அந்த வீட்டு வாசலில் எப்படி நிற்பீர்கள்?

பணத்துக்குப் பதில் பொருள் தந்தால் அதுவும் வருமானம். ஒரு வருடத்தில் ஒரே கம்பெனியிடமிருந்து 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கி நீங்களே வைத்துக்கொண்டால், 2022 ஜூலையிலிருந்து 10 சதவீதம் வரிப் பிடித்தம் உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. திருப்பிக் கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்கி வையுங்கள்.

12. உள்ளூர் வரிக் கணக்கு

முதல் பணம் வந்த அன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு: கேமரா, மைக், இணையக் கட்டணம், படப்பிடிப்புக்குப் போன பெட்ரோல். ரசீதோடு இருக்கும் செலவைத்தான் ஆடிட்டர் கழிக்க முடியும்.

அமெரிக்காவில் பிடித்த 15 சதவீதத்துக்கு இங்கே கட்டும் வரியில் ஈடு கேட்கலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதை வருமானக் கணக்குத் தாக்கலோடு சேர்த்துச் சரியான நேரத்தில் கொடுக்கச் சொல்லி ஆடிட்டரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள். ஸ்பான்சர் பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் கம்பெனிகள் இருக்கின்றன. சேவையில் வருட மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதை நெருங்கும்போதே கேளுங்கள், தாண்டிய பிறகு அல்ல.

இன்னும் இரண்டு தேதிகளை வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் ஒன்றுமே போடாமல் விட்ட சேனலின் பணத் திட்டத்தை யூடியூப் நிறுத்திவிடலாம்; அறுவடைக் காலத்திலும் பிரசவக் காலத்திலும் இது மறந்துபோகும். அமெரிக்க வரிப் படிவத்துக்கு ஏறக்குறைய மூன்று வருடம்தான் ஆயுள். புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும். அந்த மெயில் சேனல் தொடங்கிய ஜிமெயிலுக்கு வரும், நீங்கள் தினமும் பார்க்கும் மெயிலுக்கு அல்ல.